ஆயிரம் லூமன் எதற்கு? கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கான நெற்றி விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவில் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கான குறிப்புகள் உங்கள் நாளிதழில் வந்திருந்தன. நூல், முள், இரை பற்றி அதில் எழுதியிருந்தவற்றில் எங்களுக்கு வழக்கில்லை. நெற்றி விளக்கைப் பற்றி மட்டும் ஒரே வரி: 1000 லூமனுக்குக் குறையாமல் வாங்க வேண்டுமாம் (லூமன் என்பது விளக்கு மொத்தமாகத் தரும் ஒளியின் அளவு). நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரைக்கும், எல்லை தாண்டினால் பொழியூர், பூவார் வரைக்கும், கடல் சுவரிலும் ஆறு கடலில் சேர்கிற பொழிமுகத்திலும் ராத்திரி தூண்டிலோடு நிற்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அதில் புதிதாக வருகிறவர்கள் இந்த வரியை நம்பிக் களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோ விளக்கு வாங்கப் போனால் பணம் வீண். சில இடங்களில் அது பணத்தோடும் நிற்காது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

கரையில் நிற்கிற ஆளுக்கு விளக்கு எதற்கு வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். இரை குத்துவது, ஈயம் மாற்றுவது, முடிச்சுப் போடுவது எல்லாமே கண்ணுக்கு ஒன்றரை அடிக்குள் நடக்கிற வேலை. அதற்கு 5 முதல் 20 லூமன் தாராளம். பிரெய்ட் என்கிற பின்னல் நூலையும் முள்ளுக்கு முன்னால் வரும் லீடர் நூலையும் சேர்க்கிற நுணுக்கமான முடிச்சுக்குக்கூட 30 போதும். அதற்கு மேல் கூட்டினால் ஈர நூலும் முள்ளும் பளபளத்து, எத்தனை சுற்று போட்டோம் என்பதே தெரியாமல் போகும். பாறையில் நடக்க 80 முதல் 150 வேண்டும். 300, 400 லூமன் தேவைப்படுவது இரண்டே நேரம்: மீனைக் கரையேற்றும் அந்த ஒரு நிமிடமும், கல்லில் இறங்கும் முன்னால் அலை எதுவரைக்கும் ஏறுகிறது என்று பார்க்கும்போதும். ஈரமான கல் வெளிச்சத்தில் மின்னும், காய்ந்த கல் மங்கலாகக் கிடக்கும். மின்னுகிற கல் வரைக்கும் சற்று முன்னால் அலை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம், அங்கே கால் வைக்கக்கூடாது. மழை நாளில் எல்லாக் கல்லும் மின்னும் என்பதால் இந்தக் கணக்கு உதவாது. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

தூண்டில் நுனி அசைவதைப் பார்க்கப் பெரிய விளக்கு வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சைக்கிள் மட்கார்டில் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் டேப்பை அரை அங்குல அகலத்தில் வெட்டி, நுனி வளையத்துக்குக் கீழே இரண்டு இடத்தில் சுற்றிவிடுங்கள். அந்த டேப் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கு நெற்றியில் இருப்பதால் திரும்பி வருகிற ஒளி நேராக நம் கண்ணுக்கே வந்துவிடும். 13 அடி ராடாக இருந்தாலும் 20 லூமனிலேயே நுனி மினுங்கும்.

இனி பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள். நெற்றி விளக்குக்கும் டார்ச்சுக்கும் எஃப்.எல். 1 என்று ஓர் அளவுமுறை உண்டு. 2009-இல் அமெரிக்காவில் வந்தது, நல்ல கம்பெனிகள் உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகின்றன. அந்த முறையில் எத்தனை மீட்டர் எறியும் என்று சொல்வது, வெளிச்சம் கால் லக்ஸாக (லக்ஸ் என்பது ஓர் இடத்தின்மேல் விழும் ஒளியின் அளவு) குறைகிற தூரத்தை. கால் லக்ஸ் என்றால் ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி. கறுத்த பாறையில் கால் வைக்கும் இடத்தைத் தெளிவாகப் பார்க்க அது பற்றாது. 1 லக்ஸாவது வேண்டும், அது பாதித் தூரத்தில்தான் கிடைக்கும். ஆகவே பெட்டியில் 100 மீட்டர் என்றால் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைத் தீர்மானிப்பது லூமனும் இல்லை, கேண்டெலா, அதாவது ஒளி ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்ற அளவு. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும்: 2500 கேண்டெலாவுக்கு 100 மீட்டர், 200 மீட்டர் வேண்டுமானால் 10,000 கேண்டெலா. லூமன் அதிகமாக இருந்தும் ஒளி பரந்து சிதறினால் தூரம் எட்டாது.

எரியும் நேரமும் அப்படித்தான். விளக்கைப் போட்டு 30 விநாடி கழித்து இருக்கிற வெளிச்சத்தைத் தொடக்கமாக வைத்து, அது பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரைக்கும் போகிற நேரத்தை மொத்தமாக எழுதுவார்கள். 400 லூமன், 8 மணி நேரம் என்று போட்டிருந்தால் கடைசிப் பல மணி நேரம் அது 50 லூமன் பக்கத்தில்தான் எரிந்திருக்கலாம். எஃப்.எல். 1 குறியீடே இல்லாத பெட்டியில் 20,000 லூமன் என்று போட்டிருந்தால் அதை நம்புவதற்கு ஒன்றுமே இல்லை.

கணக்கு எளிது. 18650 என்கிற உருளை லித்தியம் செல் 3000 மில்லியாம்பியர்-மணி என்றால் அதில் சுமார் 11 வாட்-மணி சக்தி இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் தரும். 100 லூமனில் வைத்தால் பத்து மணி நேரம், 1000-த்தில் வைத்தால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் கிடைக்காது. நெற்றியில் இருக்கிற சின்னக் கூட்டில் 10 வாட்டில் எரிகிற சூட்டைத் தாங்க வழியில்லை, சில நிமிடத்திலேயே விளக்கு தானாகக் குறைத்துக்கொள்ளும். மூன்று சிறு ஏ.ஏ.ஏ. ரீசார்ஜ் செல் போடுகிற விளக்கில் மொத்தமே 3 வாட்-மணிதான்.

மார்த்தாண்டம், குலசேகரம் கடைகளில் ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்கு விற்கிற தலைவிளக்கை வாங்கிக்கொண்டு கடலுக்கு வருகிறவர்கள் உண்டு. மலிவு, வெளிச்சமும் தாராளம். பால்வெட்டுக்கு அது சரியான விளக்கு: மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மழையில் வெட்டு நின்றுவிடும், உப்பு என்கிற பேச்சே இல்லை. கடற்கரைக்கு வந்தால் அந்த மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கும் திறந்த ஸ்விட்சும் ஒரு சீசன் தாங்குவது கஷ்டம்.

எங்களைக் கேட்டால் லூமனுக்கு முன்னால் பார்க்க வேண்டியது பொத்தான். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். ஒரே ஒரு முறை முழு வெளிச்சத்தில் வெள்ளைக் கல்லையோ நுரையையோ பார்த்தால் அந்த அரை மணி நேரம் போயிற்று. அதனால் அணைந்திருக்கும் விளக்கை அழுத்தியதும் முதலில் வருவது மிகக் குறைந்த வெளிச்சமாகவோ சிவப்பாகவோ இருக்க வேண்டும். முதல் அழுத்தில் முழு வெளிச்சம், அடுத்து நடுத்தரம், அடுத்து குறைவு, அதற்கும் அடுத்து மின்னல் (விட்டுவிட்டுப் பளிச்சிடுவது) என்று சுற்றி வருகிற விளக்கு எவ்வளவு விலையானாலும் வேண்டாம். சிவப்புக்குத் தனிப் பொத்தான் இருந்தால் மேல். கையை முன்னால் வீசினால் எரிகிற சென்சார் வசதியை விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வார்கள். தூண்டிலை வீசும்போது, ரீலைச் சுற்றும்போது, சாரல் அடிக்கும்போது எல்லாம் அது தானாகப் போட்டு அணைக்கும். அணைத்து வைக்க முடியாத சென்சார் உள்ள விளக்கைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பையில் கிடக்கும்போது தவறி எரியாமல் இருக்கப் பூட்டு வசதி வேண்டும். அது இல்லாவிட்டால் செல்லின் மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்கலாம்.

சிவப்பு எதற்கு என்றால், மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கண்ணின் உயிரணுக்கள் ஆழ்ந்த சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. அதனால் மங்கலான சிவப்பில் வேலை செய்தால் இருட்டுப் பார்வை கெடாது. சிவப்பே ஆனாலும் அதிகமாக வைத்தால் கெடும். பொழியின் உள்பக்கம், ஆற்றோரம் நிற்கிறவர்களுக்குப் பூச்சித் தொல்லையும் இதில் குறையும். ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிற காலத்தில் மணலில் வெள்ளை விளக்கு அடிக்காமல் இருப்பதும் முக்கியம். வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு விளக்கைப் பார்த்து ஓடும்.

ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. சிவப்பில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற பிரெய்ட் நூலில் எந்த நிறம் போகிறது என்று தெரியாது. விரலில் முள் கீறி ரத்தம் வந்தாலும் தெரியாது. எல்லாவற்றையும்விட, மேலே வந்தது என்ன என்று பிரித்தறிய முடியாது. கடல் கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கச் செவுளுக்குப் பின்னாலும் இருக்கும் முள் விஷமுள்ளது. அஞ்சாலை என்கிற விலாங்கு வகை மீன் கடித்தால் விடாது. கடல் பாம்பும் சில நேரம் தூண்டிலில் வரும், சிவப்பு மங்கலில் அதை விலாங்கு என்று பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். கடல் பாம்புக்கு வால் துடுப்புபோலத் தட்டையாக இருக்கும், உடம்பில் செதிள் தெரியும். இதைப் பார்க்க வெள்ளை வெளிச்சம் வேண்டும். மீன் காலடிக்கு வந்ததும் கையை நீட்டும் முன்னால் 100 லூமன் வெள்ளையைப் போட்டு, என்ன என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. துறைமுக முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவரின் முனைகளில் விளக்கு வைப்பதற்கு உலகளவில் ஒரு முறை உண்டு. இந்தியா சேர்ந்திருக்கும் பகுதியில் கடலிலிருந்து உள்ளே நுழைகிறவருக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. படகுகளும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்கோடுதான் ஓடும். குழித்துறை ஆறு கடலில் சேர்கிற தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரம் மணல் மேடிட்டு, அலை உடைந்து, படகு கவிழ்ந்து உயிர்கள் போன இடம் என்பது உங்கள் பக்கங்களிலேயே பல முறை வந்த செய்தி. அங்கே ராத்திரியில் உள்ளே வருகிற வள்ளம் இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு கோட்டைப் பிடித்துத்தான் வருகிறது. அந்த நேரத்தில் தவறான சுவரின் முனையில் ஒருவர் சிவப்பு நெற்றி விளக்கோடு கடலைப் பார்த்து நின்றால், அதுவும் சிவப்பு மின்னலில் வைத்திருந்தால், ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அது என்னவாகத் தெரியும்? பச்சைக்கும் இதே கதைதான். 1000 லூமன் வெள்ளையை அவர் முகத்தில் அடித்தால் அடுத்த சில நிமிடத்துக்கு அவருக்கு அலையே தெரியாது.

ஆகவே முனையில் நிற்கிறவர்கள், அது தேங்காய்ப்பட்டணமோ குளச்சலோ விழிஞ்ஞமோ, சிவப்பையும் பச்சையையும் மின்னலையும் தொடவே வேண்டாம். மிகக் குறைந்த வெள்ளை, விளக்கு முகம் முழுக்கக் கீழே பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டி வேலை செய்யுங்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள். மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை ஜூலை 31-இல் முடிகிறது. அதற்குப் பிறகு முகத்துவாரத்தில் போக்குவரத்து கூடும். அந்த வாரத்திலாவது இதை ஒரு பெட்டிச் செய்தியாக நீங்கள் போட்டால் நல்லது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பெட்டியில் போடுகிற குறியீடு ஐ.பி.எக்ஸ். அதில் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும், அவ்வளவுதான். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஜூன், ஜூலை மழையிலும் கடல் சுவரிலும் நிற்பதற்கு 7-க்குக் குறைந்து வாங்காதீர்கள். 67 என்று இருந்தால் தூசியும் புகாது, மணல் கரைக்கு அது நல்லது. ஆனால் இந்தச் சோதனைகளெல்லாம் நல்ல தண்ணீரில், புது விளக்கில் செய்தவை. உப்பு உள்ளே போகாமலே வேலையைக் காட்டும். அலுமினியக் கூட்டில் எஃகுத் திருகு மாட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் தேங்கினால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். ரப்பர் வளையத்தில் உப்பு காய்ந்து பரலானால் மூடியைத் திருகும்போது வளையத்தை அறுக்கும், அடுத்த அலைக்கே தண்ணீர் இறங்கும்.

பெரும்பாலும் விளக்கு சாவது சார்ஜ் போடும் துளையில். ரப்பர் மூடி சரியாக அழுந்தாமல் ஒரு சொட்டு கடல்நீர் உள்ளே நின்று, வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட்டால் முனைகள் பச்சையாகிக் கருகிவிடும். கரையிலிருந்து வந்த அன்று சார்ஜ் போடாதீர்கள். மறுநாள், துளையை ஊதிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். செல்லைக் கழற்றி வெளியே சார்ஜரில் போடுகிற வகையில் இந்தத் துளையே இருக்காது, கடல் வேலைக்கு எங்கள் ஓட்டு அதற்குத்தான். துளை வேண்டும் என்றால் டைப்-சி பாருங்கள், ஆனால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மலிவு விளக்குகளில் அந்தத் துளைக்குள் இருக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டது இரண்டு முனையும் டைப்-சி ஆன ஒயரில் சார்ஜே ஏறாது, மறுமுனை பழைய அகல யு.எஸ்.பி. ஆன ஒயரில் மட்டும் ஏறும்.

18650 செல் வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். நல்ல கம்பெனி செல்களில் 2500 முதல் 3500 மில்லியாம்பியர்-மணிதான் வழக்கம். 9800 என்று போட்ட செல் பொய். எடை 45 கிராமுக்கு நன்றாகக் குறைந்தால் உள்ளே சரக்கில்லை, நகைக்கடைத் தராசு வரைக்கும் போக வேண்டாம், மளிகைக்கடை டிஜிட்டல் தராசே சொல்லிவிடும். சாதாரண அல்கலைன் செல்லை விளக்கிலேயே விட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஒழுகி முனையைத் தின்றுவிடும். கடல்நீர் புகுந்த லித்தியம் செல்லை உலர்த்தி மறுபடி சார்ஜ் போடுவது ஆபத்து. அதை அப்புறப்படுத்துங்கள். நனைந்த விளக்கை அரிசிப் பானையில் புதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அரிசி ஈரத்தை எடுத்தாலும் உப்பை எடுக்காது. செல்லைக் கழற்றிவிட்டு உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் வையுங்கள்.

எடை செல்லோடு சேர்த்து 100 கிராமுக்குள் இருந்தால் ராத்திரி முழுக்கத் தெரியாது. 150-ஐத் தாண்டினால் உச்சந்தலைப் பட்டையும் வேண்டும். தொப்பி போடுகிறவர்கள் விளிம்புக்கு மேலே கட்டினால் கைமேல் நிழல் விழும், விளிம்பின் நுனியில் ஒளி பட்டுக் கண்ணில் அடிக்கும். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சாய்க்கிற கீல் பல் பல்லாகத் தடுத்து நிற்க வேண்டும். தளர்ந்த கீல் தூண்டில் வீசிய வேகத்தில் சரிந்து மூக்கைக் காட்டும்.

சாரலிலும் உப்பு மூட்டத்திலும் ஒரு சங்கடம் உண்டு. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு துளியும் ஒளியைத் திருப்பிக் கண்ணிலேயே போடும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் சுவரும் கூடும். அப்போது விளக்கைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் கல் தெரியும்.

மீன் வெளிச்சத்துக்கு வருமா, ஓடுமா என்று கேட்பார்கள். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் வெளிச்சத்துக்குப் பொடிமீனும் கணவாயும் கூடும். திடீரென்று வந்து அசைகிற வெளிச்சத்துக்கு ஆழமில்லாத தண்ணீரில் நிற்கிற மீன் கலையும். நெற்றி விளக்கு இரண்டாவது வகை, தலையைத் திருப்பினால் திரும்பும். அதனால் தண்ணீரைப் பார்க்கும்போது அணைத்துவிட வேண்டும், அல்லது சுவர் முனையில் இல்லாத இடமானால் சிவப்பு, அது தண்ணீரில் சில மீட்டரிலேயே மங்கிவிடும். படகில் பெரிய விளக்கு வைத்து மீனைக் கூட்டிப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. அது வேறு சமாச்சாரம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லா மூடியும் அடைத்தபடியே நல்ல தண்ணீர் வாளியில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். கண்ணாடியைத் துணியால் துடைக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றி மணலைப் போக்க வேண்டும், இல்லையென்றால் கீறல் விழும். பட்டையைக் கழற்றிச் சோப்பில் துவையுங்கள். மாதம் ஒரு முறை ரப்பர் வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் மணலைச் சேர்க்கும், வாசலின் சில வகை ரப்பரை உப்ப வைக்கும்.

கடைசியாக, வாங்கிய அன்றே செய்ய வேண்டியது. ஃபோன் கேமராவை விளக்கின் முன்னால் பிடித்துப் பாருங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் விளக்கு துடித்துத் துடித்து எரிகிறது, ஓடுகிற நூல் துண்டு துண்டாகத் தெரியும், அதை மாற்றுங்கள். பிறகு செல்லைக் கழற்றிவிட்டு, செல் அறைக்குள் ஒரு டிஷ்யூ துண்டை மடித்து வைத்து மூடி, வாளித் தண்ணீரில் பதினைந்து நிமிடம் அமுக்கி வையுங்கள். எடுத்து வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்தால் டிஷ்யூ சொல்லிவிடும். ஓரம் நனைந்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது என்று பெரும்பாலான கடைகள் பிறகு கைவிரிக்கும், அதனால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு திருப்பித் தரும் கெடுவுக்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
கரைத் தூண்டில்காரர்கள் சிலர்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்